பாட்டு முடிந்த பிறகு

பிலாய்
20.1.1999

அன்புத் தம்பி சுந்தருக்கு,

மதினி ஆவுடைத்தாய் எழுதுவது. உங்கள் பொங்கல் வாழ்த்து கரும்பெல்லாம் தின்று முடித்த பிறகுதான் வந்தது. பரவாயில்லை, வருஷம் தவறாமல் அந்த வீட்டிலிருந்து வருவது அது ஒன்றுதான். கோமதிக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது? ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறதா? இங்கே குளிர் போக மாட்டேன் என்கிறது. தேங்காய் எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைத்தால்தான் உருகுகிறது.

ஒரு காரியமாக எழுதுகிறேன். போன வாரம் விஜியின் வகுப்பில் வீட்டிலுள்ளவர்களைப் பற்றிப் பேசச் சொன்னார்களாம். இவள் எழுந்து, 'எனக்கு ரெண்டு அப்பா. ஒருத்தங்க வீட்டில இருக்காங்க, இன்னொருத்தங்க போட்டோவில இருக்காங்க' என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். வந்து புத்தகப் பையைக்கூட இறக்கவில்லை. 'அம்மா, பாளையங்கோட்டை அப்பா எப்படிப் பேசுவாங்க?' என்று கேட்டாள்.

என்ன சொல்ல? கலரைச் சொல்லலாம், உயரத்தைச் சொல்லலாம். குரலை எப்படிச் சொல்வது? உங்கள் அண்ணன் மாதிரி இழுத்துப் பேசிக் காட்டிப் பார்த்தேன். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு முடியவில்லை, அடுப்படிக்குப் போய்விட்டேன்.

வீட்டில் இருக்கிற அப்பா, அதுதான் இவர்கள், அப்போது டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஷூவை மாட்டிக்கொண்டே, 'ஆவுடை, சார்ஜாவிலேந்து கேசட்டுல பேசி அனுப்புவார்னு சொல்லியிருக்கியே, அதெல்லாம் இப்ப யாருகிட்ட இருக்கு?' என்று கேட்டார்கள். நான் வாய்விட்டுக் கேட்கக் கூசியதை இவர்கள் கேட்டுவிட்டார்கள். தஞ்சாவூர்க்காரர்கள் எதையும் சுற்றி வளைப்பார்கள் என்பார்கள். இவர்கள் அப்படி இல்லை.

கேசட்டெல்லாம் அத்தையிடம் இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். மறுகல்யாணம் முடிவாகி நான் அந்த வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று அத்தை பீரோவின் மேல் சாய்ந்து நின்றார்கள். 'எம்புள்ள குரலு இந்த வீட்டத் தாண்டாது' என்றார்கள். என்னோடு அவர்கள் பேசிய கடைசிப் பேச்சு அது. கோடையில் அம்பாசமுத்திரத்துக்கு என் அண்ணன் வீட்டுக்கு வரும்போது பஸ் பாளையங்கோட்டையைத் தாண்டும்வரை நான் ஜன்னலோரம் உட்காருவதில்லை.

எல்லாம் வேண்டாம் தம்பி. ஏதாவது ஒரு கேசட், பிள்ளையைப் பற்றிப் பேசுகிற கேசட் ஒன்று, யாரிடமாவது கொடுத்துப் பிரதி எடுக்க முடியுமா? அத்தைக்கு மனசு கஷ்டம் என்றால் விட்டுவிடுங்கள். நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம். விஜி கேட்டதாகச் சொல்லுங்கள். அதுதான் நிஜமும்.

உங்கள் மதினி
ஆவுடைத்தாய்


பாளையங்கோட்டை
4.2.1999

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். அம்மாவிடம் பேசாமல் என்ன எழுதுவது என்று மூடி வைத்துவிட்டேன். தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். கோமதி சுகம். நீங்கள் விசாரித்ததாகச் சொன்னேன், முதுகுவலி பாதி போய்விட்டதாம்.

ஒரு சேதி. தீபாவளிக்கு வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கினேன். கல்லூரியில் எல்லாரும் வாங்குகிறார்கள், இயற்பியல் வாத்தியார் வாங்காவிட்டால் எப்படி? அதில் ஒலி பிடிக்கிற அட்டை ஒன்று போட்டிருக்கிறது. டேப் ரிக்கார்டரில் காதில் மாட்டும் ஒயருக்கு ஒரு துளை இருக்குமல்லவா, அதிலிருந்து ஒயர் இழுத்துக் கம்ப்யூட்டரில் செருகிவிட்டால், கேசட் ஓட ஓட அது பதிந்துகொண்டே வரும். திரையில் அலை அலையாகத் தெரியும். பேசினால் புடைக்கும், நிறுத்தினால் கோடாகப் படுத்துவிடும். பிறகு அதை சிடியில் எழுதிக்கொள்ளலாம். கேசட் மாதிரி தேயாது, பூஞ்சை பிடிக்காது.

இதை அம்மாவிடம் சொல்லத்தான் நாளாயிற்று. ஞாயிற்றுக்கிழமை வெற்றிலை போட்டுக்கொண்டு நல்ல முகத்தோடு இருந்தாள். பைய ஆரம்பித்தேன். விஜி கேட்டாள் என்றேன். வெற்றிலை மெல்லுவது நின்றுவிட்டது.

'கேசட்டு பீரோவ விட்டு வெளிய வராது.'

'வெளிய போகாண்டாம்மா. இங்கன இருந்தபடிக்கே எடுத்துருவேன்.'

'எடுத்துட்டா இங்கன இருக்காதே.'

'இங்கனயும் இருக்கும், அங்கனயும் இருக்கும்.'

'அது எப்படிலே? ஒண்ணு ரெண்டு எடத்துல இருக்கும்?'

விளக்கு உதாரணம் சொன்னேன். ஒரு விளக்கிலிருந்து இன்னொன்றை ஏற்றினால் முதல் விளக்கு குறைந்தா போகிறது என்று. வாத்தியார் புத்தி. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, 'வெளக்குல எண்ணெ இருக்கணும்லா' என்று எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் கல்லூரியிலிருந்து வந்தால் மேசை மேல் அண்ணனின் பழைய டேப் ரிக்கார்டர் இருக்கிறது. பக்கத்தில் ஒரே ஒரு கேசட். 'இந்தப் பெட்டி ஓட மாட்டேங்கு. மொதல்ல அதச் சரிபண்ணு' என்றாள். நிபந்தனையும் சொன்னாள். ஒன்று முடித்துக் கொடுத்தால்தான் அடுத்தது. ஓடும்போது அவளும் கூடவே உட்காருவாள். உங்கள் பெயரைச் சொல்லவில்லை. 'விஜிக்குத்தான்' என்று இரண்டு தடவை சொன்னாள்.

பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டிக் கிடக்கிறது. முருகன்குறிச்சியில் ரேடியோ கடை வைத்திருக்கும் ஞானசிகாமணி அண்ணாச்சியிடம் கொடுத்திருக்கிறேன். இன்னொன்று, மதினி. அரை மணி நேரக் கேசட்டுக்கு அரை மணி நேரம் ஆகத்தான் செய்யும். வேகமாக ஓட்டிவிட முடியாது. ஆகவே எல்லாவற்றையும் நான் கேட்கும்படி ஆகும். அண்ணன் உங்களுக்குப் பேசியது. உங்களுக்குச் சம்மதமா என்று எழுதுங்கள். பதில் வந்த பிறகுதான் ஆரம்பிப்பேன்.

அன்புடன்
சுந்தர்


பிலாய்
13.2.1999

அன்புத் தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை விஜிக்கு வாசித்துக் காட்டினேன். 'ஒண்ணு ரெண்டு எடத்துல இருக்கும்?' என்று அத்தை கேட்டதை அவள் நாள் முழுக்கச் சொல்லித் திரிகிறாள். ஆச்சி எப்போதும் இப்படித்தான் பேசுவார்களா என்று கேட்கிறாள்.

சம்மதமா என்று கேட்டீர்களே, உங்களுக்கு எவ்வளவு நல்ல மனசு. வேறு யாராவது என்றால் கேட்டு முடித்த பிறகு சொல்லியிருப்பார்கள்.

கேசட்டில் முதல் பக்கம் எல்லாம் வீட்டுக்குப் பொதுவாகப் பேசியது. அதைக் கூடத்தில் வைத்து எல்லாரும் கேட்டோமே, நீங்களும் இருந்தீர்கள். பக்கத்து வீட்டு இசக்கியம்மா அக்காகூட வந்து உட்கார்ந்து, தன் பேரைச் சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டு போவாள். இரண்டாம் பக்கத்தில் ரேடியோவிலிருந்து பிடித்த சினிமாப் பாட்டு இருக்கும். அதனால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள்.

சொல்லக் கூச்சமாக இருக்கிறது. சொல்லாமல் முடியாது. பாட்டெல்லாம் முடிந்த பிறகு கேசட் கொஞ்ச நேரம் சும்மா ஓடும். முடிந்துவிட்டது என்று எல்லாரும் நிறுத்திவிடுவார்கள். அதற்கு அப்புறம் உங்கள் அண்ணன் எனக்குப் பேசுவார்கள். மெதுவாக, அறையில் கூட இருப்பவர்கள் தூங்கியிருக்கும்போது. கல்யாணம் ஆகி அவர்கள் முதல் தடவை போகும்போதே பேசி வைத்துக்கொண்டது. நீங்கள் எல்லாரும் மத்தியானம் கண்ணயர்ந்ததும் பெட்டியை மடியில் வைத்து, சேலைத் தலைப்பைப் போட்டு மூடிக்கொண்டு கேட்பேன். அத்தைக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது.

அதனால், தம்பி, இரண்டாம் பக்கத்தில் பாட்டு நின்றதும் சத்தத்தை மூடிவிடுங்கள். அலை தெரியும் என்றீர்களே, கண்ணால் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். உங்களை நம்பாமல் சொல்லவில்லை. அது வேறு யாருக்கும் உள்ள பேச்சு இல்லை, அவ்வளவுதான்.

இதை எழுதியதை இவர்களிடம் காட்டினேன். வாசித்துவிட்டு, ஸ்டாம்பு ஒட்டி அவர்களே கொண்டுபோய்ப் போட்டார்கள்.

ஆவுடைத்தாய்


பாளையங்கோட்டை
21.3.1999

அன்புள்ள மதினிக்கு,

வேலை முடிந்தது. சிடிகளைத் தனியாகக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன், இந்தக் கடிதத்துக்கு முன்பே கைக்கு வந்தாலும் வரும். வீட்டு சிடிகளில் 'விஜிக்கு' என்று எழுதியிருக்கிறேன். உங்களுக்குள்ளது ஒன்று. அதன் மேல் ஒன்றும் எழுதவில்லை.

முதல் நாளை நான் மறக்க மாட்டேன். அம்மா முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பொத்தானை அமுக்கினேன். 'அம்மா, நான் நாறும்பூ பேசுதேன். சத்தம் தெளிவா கேக்கா?' என்று ஸ்பீக்கரில் வந்தது. 'கேக்குய்யா' என்று அம்மா பதில் சொன்னாள். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்தாள். 'இந்தா மேலயும் கீழயும் போகே, இதா அவன்?' என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்கப்புறம் ஒவ்வொரு சாயங்காலமும் நான் வருவதற்கு முன்னால் அவளே மேசையைத் துடைத்து வைத்திருப்பாள். கரண்டு போகிற நாளில் அவள் மின்வாரியத்தை வைகிற வசவை உங்களுக்கு எழுத முடியாது.

நீங்கள் சொன்னபடியே செய்தேன், மதினி. பாட்டு நின்றதும் ஸ்பீக்கரை அணைத்துவிடுவேன். திரையில் கோடு நேராகப் போய்க்கொண்டே இருக்கும். பிறகு ஒரு இடத்தில் சின்னதாகச் சிலிர்க்கும். முதல் தடவை அதைப் பார்த்ததும் நாற்காலியைத் திருப்பிக்கொண்டேன். அண்ணன் பேசுகிறான், எனக்குக் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏன் சத்தத்தை அணைத்தாய் என்று அம்மா கேட்பாள் என்று ஒரு பொய் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான்.

இனி எழுதப்போவதை நிதானமாக வாசியுங்கள். எல்லாம் முடிந்தது என்று நான் ஒயரைச் சுருட்டும்போது அம்மா இன்னொரு கேசட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அண்ணன் சார்ஜாவில் லாரியில் அடிபட்டுப் போன பிறகு, கூட இருந்த உடன்குடி அப்பாத்துரை அண்ணாச்சி அவன் சாமானெல்லாம் கொண்டுவந்தார்களே, அப்போது இந்த டேப் ரிக்கார்டருக்குள்ளேயே கிடந்த கேசட். அனுப்புவதற்காகப் பேசி முடித்து, எடுக்காமல் விட்டது. நீங்கள் அதைக் கேட்டதே இல்லை என்று நினைக்கிறேன். அதிலும் இரண்டாம் பக்கத்தில் பாட்டு முடிந்து கோடு நேராகப் போயிற்று. நான் சத்தத்தை அணைத்தேன். வெகு நேரம் கழித்துச் சிலிர்த்தது.

அது உங்கள் சிடியில் கடைசியாக இருக்கிறது.

சுந்தர்


பிலாய்
9.4.1999

அன்புத் தம்பிக்கு,

சிடிகள் உடையாமல் வந்தன. இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். எழுத உட்கார்ந்தால் வேறு எதையாவது எழுதிக்கொண்டிருந்தேன்.

முதலில் விஜியைச் சொல்கிறேன். இவர்கள் கூட வேலை பார்ப்பவரிடம் சிடி பிளேயர் இரவல் வாங்கி வந்தார்கள். மூன்று பேரும் உட்கார்ந்து கேட்டோம். 'வாரேன், போறேன், சொல்லுதேன்' என்று வந்ததும் விஜிக்கு ஒரே சிரிப்பு. 'அம்மா, நீயும் கோவம் வந்தா இப்படித்தான் பேசுற' என்றாள். பிறகு அவளைப் பற்றி வந்தது. 'விஜிக்குட்டி, பால் குடிச்சியா? அம்மைய ராத்திரி தூங்க விடுதியா?' என்று கேட்கிறார்கள். விஜி சிரிப்பதை நிறுத்திவிட்டு, 'விடுறேன்' என்றாள். அன்றைக்கு ராத்திரி இவர்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கினாள்.

மறு ஞாயிறு இவர்கள் காதில் மாட்டுகிற ஒயரை எனக்கு எப்படி மாட்டுவது என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, விஜியைக் கூட்டிக்கொண்டு பார்க்குக்குப் போனார்கள். வர நேரமாகும் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

தம்பி, நான் முன்னே கேட்ட பேச்செல்லாம் அப்படியே ஞாபகம் இருந்தது. அடுத்து என்ன சொல்வார்கள் என்று என் வாய் முந்திக்கொண்டு போயிற்று. கடைசி ஒன்றுதான் ஞாபகம் இல்லாதது. அது புதிது. இத்தனை வருஷம் கழித்து எனக்கென்று ஒரு புதுப் பேச்சு. என்ன பேசினார்கள் என்று எழுத மாட்டேன். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. விஜியின் போட்டோ கிடைத்ததாம், மூக்கு யார் மூக்கு என்று ஒரு சண்டை. தேதி சொல்லித்தான் பேச ஆரம்பிக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாது, பத்து நாள்தான் இருக்கிறது என்று. எனக்குத் தெரிந்துகொண்டே கேட்பது ரொம்பக் கஷ்டமாக இருந்தது. 'ராத்திரி வெயில்ல நடக்காத' என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு அவர்களே சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் மறந்தே போயிருந்தேன். எத்தனையோ நாள் ஞாபகப்படுத்திப் பார்த்து வராமல் விட்டது.

ஒரு குறை. பேசிக்கொண்டே வந்தவர்கள், 'இரு, அடுப்பப் பாத்துட்டு வாரேன்' என்கிறார்கள். அத்தோடு சிடி நின்றுவிடுகிறது. கேசட்டே அங்கே முடிகிறதா? இல்லை, அதற்குப் பிறகும் இருக்கிறதா? கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது. இவ்வளவு செய்தவரிடம் இன்னும் கேட்கிறாளே என்று கோமதி நினைக்கக் கூடாது. ஆனால் நாலைந்து நாளாக எனக்கு வேறு நினைப்பே இல்லை. சாதம் வடிக்கும்போது, துணி உலர்த்தும்போது, அதே நினைப்புதான். அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தார்களா, வரவில்லையா?

ஆவுடைத்தாய்


பாளையங்கோட்டை
18.4.1999

அன்புள்ள மதினிக்கு,

நிறுத்தியது நான்தான். சத்தம் இல்லாமல் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். அலை நின்று கோடு படுத்துவிட்டது. கொஞ்சம் காத்திருந்தேன். லேசாகப் பிசிறு மட்டும் தெரிந்தது. பழைய டேப்பில் இருக்கும் இரைச்சல்தான் என்று நினைத்து வெட்டிவிட்டேன். கேசட்டில் இன்னும் கொஞ்சம் ஓட்டம் இருந்தது.

உங்கள் கடிதம் வந்த அன்று சாயங்காலமே அம்மாவிடம் போய்க் கடைசிக் கேசட்டைத் திரும்பக் கேட்டேன். எதற்கு என்றாள். ஒளிக்க ஒன்றும் இல்லை என்று தோன்றியது. மதினி கேட்டிருக்கிறார்கள், அடுப்பைப் பார்க்கப் போன பிறகு என்ன என்று கேட்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன்.

அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

'அங்கன நிறுத்திட்டியாலே? படிச்சவன்தானே நீ?'

எனக்கு ஒன்றும் புரியவில்லை. 'உனக்கு எப்படிம்மா தெரியும்?' என்றேன்.

'தெரியும். பாட்டு முடிஞ்ச பொறவு அவ கூடப் பேசுதான்னு அந்தக் காலத்துலயே தெரியும். ஒரு நா நானும் தெரியாமக் கேட்டுட்டேன். அவ பேரச் சொன்ன உடனே அமத்திட்டேன். புருஷம் பொண்டாட்டி பேசுதத மாமியா கேக்கலாமா? மத்த கேசட்டு எதையும் நான் அதுக்கு மேல கேட்டதில்ல. கடைசிக் கேசட்டுல மட்டும் அமத்தக் கை வரல்ல.'

'அடிக்கடி கேப்பியா?'

'நீ காலேசுக்குப் போன பொறவு கேப்பேன். பெட்டி கெட்டுப் போன பொறவு கேக்க முடியல்ல.'

'பெட்டி கெட்டுப் போச்சுன்னு சொல்லியிருக்கலாம்லா? அப்பவே சரிபண்ணியிருப்பேன்.'

'சொன்னா எதுக்கு ஓட்டுதன்னு கேப்ப.'

மதினி, அந்தப் பெட்டி ஓடாமல் இரண்டு மூன்று வருஷமாவது ஆகியிருக்கும். நான் வாத்தியார், இந்த வீட்டில்தான் இருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை.

உங்களுக்கு ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ. அம்மா முறத்தை மறுபடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, 'கேட்டிருந்தா குடுத்திருப்பேன். அவ கேக்கல்ல. நானும் கூப்பிட்டுக் குடுக்கல்ல. பொறவு அவ போயிட்டா' என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு பொருளை எங்கே வைத்தோம் என்று தேடுகிறவள் மாதிரி சொன்னாள்.

மறுபடி பதிந்து, மீதியையும் சேர்த்து சிடி போட்டு அனுப்புகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். கம்ப்யூட்டர் அந்தச் சத்தத்தைப் பிடிக்குமோ பிடிக்காதோ, கேசட்டையே அனுப்பு என்றாள். தபாலில் தொலைந்தால் என்ன செய்வது, ஒரு பிரதியாவது எடுத்து வைத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். 'அத நீ கேக்காண்டாம். அவளுக்குள்ளது. தொலஞ்சா அவளுக்குள்ளது தொலஞ்சுதுன்னு இருக்கட்டும்' என்று சொல்லிவிட்டாள்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தடவை ஓட்டினாள். பிறகு அவளே பழைய வேட்டித் துண்டில் சுற்றி, நூல் போட்டுத் தைத்து, என் கையில் கொடுத்தாள். பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். முழுக்கக் கேட்கச் சொன்னாள். டேப் தானாக நிற்கும்வரை கையை வைக்கக் கூடாது என்று சொல்லச் சொன்னாள்.

வந்ததும் ஒரு வரியாவது எழுதுங்கள். அம்மா வாசலில் தபால்காரரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அவர் பெயர் என்ன என்று இத்தனை வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் என்னிடம் கேட்டாள்.

சுந்தர்


பிலாய்
2.5.1999

அன்புத் தம்பிக்கு,

வந்தது. தையலைப் பிரிக்க மனசில்லாமல் ஒரு நாள் முழுக்க சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தேன். அத்தையின் தையல் எனக்குத் தெரியும். நெருக்கி நெருக்கிப் போடுவார்கள்.

இந்தக் கடிதத்தை அத்தைக்கு வாசித்துக் காட்டுங்கள். மெதுவாக வாசியுங்கள்.

அடுத்த குவார்ட்டர்ஸில் டேப் ரிக்கார்டர் வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். 'அடுப்பப் பாத்துட்டு வாரேன்' என்று போகிறார்கள். பெட்டியை நிறுத்த மறந்துவிட்டார்கள். முதலில் ஒன்றுமே இல்லை என்றுதான் நினைத்தேன். சத்தத்தைக் கூட்டிக் காதை ஒட்டி வைத்தேன். ஒரு பாத்திரத்தின் மூடி விழுகிறது. 'ஸ்ஸ், சுட்டுட்டு' என்கிறார்கள். தண்ணீர் திறக்கிறார்கள். ஏதோ பாட்டு, வாய்க்குள்ளேயே. தரையில் தட்டை வைக்கிற சத்தம். பிறகு சாப்பிடுகிறார்கள்.

தம்பி, அவ்வளவுதான். சாப்பிடுகிறார்கள். கூட உட்கார்ந்து சாப்பிட யாரும் இல்லை. அவசரம் இல்லாமல், நன்றாகப் பிசைந்து, நடுவில் ஒரு தடவை 'எப்பா, உறைப்பு' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, தண்ணீர் குடித்து, மறுபடியும் பரிமாறிக்கொண்டு சாப்பிடுகிறார்கள். கரண்டி இரண்டு தடவை சட்டியில் தட்டுகிறது.

அத்தை, பாதியில் எனக்குப் புரிந்துவிட்டது. நான் கேட்டது அவர்கள் பேச்சை. நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தது இதை. பிள்ளை பசியோடு இல்லை, வயிறு நிறையச் சாப்பிட்டான் என்பதை. அதை யாரிடமும் சொல்லாமல் தினமும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். நானும் அதே வீட்டில்தான் அப்போது இருந்தேன். நாம் இரண்டு பேரும் சேர்ந்து கேட்டிருக்கலாம்.

கடைசியில் கை கழுவுகிறார்கள். செருப்புச் சத்தம் வருகிறது. தூரத்திலிருந்து கிட்டே வருகிறது. இன்னும் கிட்டே வருகிறது. அப்போது டேப் முடிந்து பொத்தான் தானாக மேலே எழும்பிவிட்டது. வந்தார்களா வரவில்லையா என்று கேட்டேனே தம்பி. வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

விஜி கதவைத் தட்டினாள். உள்ளே விட்டு, அவளுக்கும் அந்த இடத்தைப் போட்டேன். 'யாரும்மா சாப்பிடுறா?' என்றாள். சொன்னேன். எழுந்து போகாமல் கடைசிவரை உட்கார்ந்திருந்தாள்.

இந்தக் கேசட்டைத் திரும்பவும் தபாலில் போட எனக்குத் தைரியம் இல்லை. அத்தையிடம் இல்லாமல் அது இங்கே இருக்கவும் கூடாது. பள்ளிக்கூடம் அடைத்ததும் வருகிறோம், நானே கொண்டுவந்து தருகிறேன். இவர்களும் வருகிறார்கள். 'நீயும் கொழந்தையும் வீட்டுக்குப் போங்க, நான் ஜங்ஷன்ல லாட்ஜ் எடுத்துத் தங்கிக்கிறேன், பெரியவங்க மனசு நோகக் கூடாது' என்கிறார்கள். இவர்களை லாட்ஜில் விட்டுவிட்டு நான் அந்தப் படி ஏற மாட்டேன். அந்தப் பிள்ளையை இந்த ஐந்து வருஷம் தோளில் தூக்கி வளர்த்தவர்கள் இவர்கள். சாமிக்கு முன்னால் வேண்டுமானாலும் சொல்வேன்.

கோபத்தில் எழுதவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று அத்தை சொன்னார்களாமே. அதனால் இப்போது வாய்விட்டுக் கேட்கிறேன். நாங்கள் மூன்று பேரும் வரலாமா?

ஆவுடைத்தாய்


பாளையங்கோட்டை
11.5.1999

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தேன். சாப்பிடுகிற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள். பிறகு மறுபடியும் முதலிலிருந்து வாசிக்கச் சொன்னாள். கடைசிக் கேள்வியை வாசித்து முடித்து அவள் முகத்தைப் பார்த்தேன். எழுந்து, கொல்லையில் காய்ந்த துணியை எடுக்கப் போய்விட்டாள்.

அன்று பேச்சில்லை. மறுநாளும் இல்லை. கோமதி, 'விட்டுருங்க, கேக்காதிய' என்றாள். நானும் உங்களுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன்.

இன்று காலையில் கல்லூரிக்குச் செருப்பு மாட்டும்போது அம்மா பின்னால் வந்து நின்றாள். 'ஏலே, தேங்கா ஒரு அஞ்சாறு சொல்லி வை' என்றாள். எதற்கு இப்போது என்றேன். அதற்குப் பதில் இல்லை. தெருமுனைவரை போன பிறகு கூப்பிட்டாள். பக்கத்து வீட்டு இசக்கியம்மா அக்கா காதில் விழுகிற மாதிரி உரக்கத்தான் கேட்டாள்:

'அந்தத் தஞ்சாவூர் மாப்பிள்ளைக்குச் சொதி ஒத்துக்கிடுமான்னு அவகிட்டக் கேட்டு எழுது.'

தேங்காய் எல்லாம் மாப்பிள்ளை விருந்துச் சொதிக்குப் பால் பிழியத்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என்ன சொல்லட்டும், மதினி? சீக்கிரம் எழுதுங்கள். எந்த ரயில் என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்
சுந்தர்